அடிக்கிறவனைச் சுற்றி நிற்கும் நாம்

(இயக்கத்தின் ஆண் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களுக்கு எதிரான வன்முறை என்ற தலைப்பில் கூட்டம் போட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாதர் பிரிவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மண்டபம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் நாற்காலி எடுத்துப் போட்டு, மைக் சரிபார்த்து, தலைவருக்கு மாலை போட்டுவிட்டு வெளியே போய் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே அடி வாங்குகிறவர்களுக்கு அடி வாங்காமல் இருப்பது எப்படி என்று பாடம் நடக்கும். அடிக்கிறவனின் அண்ணன், மச்சான், கூட்டாளி, முதலாளி எல்லாரும் வாசலில் நிற்பார்கள். எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடத்தி வருகிறோம்.

அதனால்தான் இம்முறை ஆண்கள் மட்டும் உள்ளே வந்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்த உரையை இப்போது திரையில் படித்துக்கொண்டிருக்கும் ஆண் வாசகரே, நீங்களும் உட்காருங்கள். "நான் என் மனைவியை அடிப்பதில்லை, எனக்கு எதற்கு இது" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அடிக்காத ஆண்களிடம்தான் எனக்கு வேலை இருக்கிறது.

முதலில் ஓர் ஆட்சேபத்தைத் தீர்த்துவிடுகிறேன். இயக்கத்தில் சிலர் நேராகவே கேட்டார்கள். "லாயர், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள், இடிபட்ட கோவில்கள், லாக்காப் சாவுகள் என்று ஆயிரம் பிரச்னை இருக்கு. ஏற்கனவே நம்மளக் குடிகாரன், குண்டர் கும்பல்னு எழுதுறான். நாமளே வீட்டுக் கதவத் திறந்து காட்டணுமா?" நியாயமான கேள்விதான். அதற்கு முதல் பதில், இது தமிழன் வீட்டு வியாதி அல்ல. நாடு முழுவதும் காவல்துறையில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்கள் 2020-இல் 5,260. அடுத்த ஆண்டு 7,468. எல்லா இனமும் இதில் இருக்கிறது. புகார் செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆர்.எச். நாதன் பெயரைச் சொன்னால் கைதட்டுகிறோம். அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுவதும் படித்தவர்கள் எத்தனை பேர்? சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கேவலம் ஒழிய வேண்டும் என்றார்கள். அதே பட்டியலில், வெள்ளைக்காரர்களும் அவர்களைப் போல் நடந்துகொண்ட கறுப்புத் துரைகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்றும் இருந்தது. கள்ளுக்கடைகளை மூடு என்றும் இருந்தது. பட்டாளத்தை இறக்கித்தான் வெள்ளைக்காரன் அதை அடக்கினான். உயிர்கள் போயின. பெண்ணின் பாதுகாப்பைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக வைத்தவர்கள் நம் தாத்தாக்கள். ஆகவே இது இயக்கத்துக்குப் புதிய வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் கை நீட்டியவன் துரை, இல்லாவிட்டால் கிராணி. லயத்து வீட்டுக்குள் கை நீட்டியவனைப் பற்றி அதில் பேச்சில்லை. 1946, 47-இல் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள். தடியடி பட்டார்கள். வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம், குடியைப் பிடித்துக்கொண்டு. உள்ளே போகவில்லை. எண்பது ஆண்டு ஆகப்போகிறது, நாமும் அதே வாசலில்தான் நிற்கிறோம். அத்துமீறுகிறவன் அந்நியன் என்றால் நமக்குக் குரல் வருகிறது. நம் ஆள் என்றால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. "நல்லவன்தான், தண்ணி போட்டாத்தான் இப்படி" என்று கேட்காத நாள் இல்லை. குடி அடியைக் கூட்டுகிறது, உண்மைதான். ஆனால் அதே ஆள் அதே போதையில் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை. வேலையிடத்தில் சூப்பர்வைசரை அடிப்பதில்லை. வீடு வரைக்கும் பத்திரமாக மோட்டார் ஓட்டி வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் மனைவியை அடிக்கிறான். யாரை அடித்தால் கேள்வி இல்லை என்பது அவனுக்குப் போதையிலும் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

நாம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு அடி வாங்கிய பெண் முதலில் எங்கே போகிறாள்? என்னிடம் வருவதில்லை. போலீஸ் நிலையத்துக்கும் போவதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள், இல்லாவிட்டால் தாய்மாமனுக்குப் போன் போடுகிறாள். மறுநாள் விஷயம் கோவில் தலைவர் காதுக்குப் போகிறது. வழக்கறிஞரான என்னிடம் ஒரு பெண் வந்து உட்காரும்போது, அவளுக்கு முன்னால் நாலைந்து ஆண்கள் அந்தக் கதையைக் கேட்டு முடித்திருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். "பிள்ளைங்க முகத்தப் பார்த்துப் பொறுத்துக்கம்மா." "நீ வாய அடக்கு, அவன் கைய அடக்குவான்." "தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம், இப்பப் போயி..." பல பெண்கள் அடியைப் பற்றிச் சொல்லும்போது அழுவதில்லை. அண்ணன் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விட்டதைச் சொல்லும்போதுதான் அழுகிறார்கள்.

பிறகு பஞ்சாயத்து. தலைவர், செயலாளர், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். கற்பூரம் கொளுத்தி "இனி கை வைக்க மாட்டேன்" என்று சத்தியம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து. எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அந்தத் தாளை நான் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் அது எதற்குப் பயன்படும் தெரியுமா? முன்பே அடித்தான் என்பதற்கும், அது இத்தனை பெரிய மனிதர்களுக்குத் தெரியும் என்பதற்கும் சாட்சியாகப் பயன்படும். வேறு ஒன்றுக்கும் பயன்படாது. சத்தியம் வாங்கிய தலைவர்களில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டிருக்கிறார்கள்? கேட்கிற தலைவர்களும் இருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொரு வகை ஆண்களும் உண்டு. "என் தங்கச்சி மேல கை வச்சிட்டானா?" என்று நான்கு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் மச்சானைப் புரட்டி எடுப்பவர்கள். கேட்பதற்கு வீரமாக இருக்கும். நடப்பது என்ன? அடிபட்ட மச்சான் நேரே போலீசில் புகார் கொடுக்கிறான். அண்ணன் உள்ளே போகிறான். "உங்க அண்ணன வெளிய எடுக்கணும்னா நீ உன் புகார வாபஸ் வாங்கு" என்று பேரம் தொடங்குகிறது. அவளும் வாங்கிவிடுகிறாள். அடுத்த முறை அடி விழும்போது அண்ணனிடம் சொல்ல மாட்டாள். இருந்த ஒரு கதவையும் அந்த வீரம் அடைத்துவிட்டது. "என் தங்கச்சி" என்பதில் இருக்கும் "என்"தான் அங்கே சண்டை போட்டது. அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

சரி, போலீசுக்குப் போகலாம் என்றால், அங்கேதான் நம் சமூகத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வேறு மேடையில் இதைப் பேச மாட்டார்கள், நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

2009 ஜனவரியில் குகன் போலீஸ் காவலில் இறந்தார். அந்த உடம்பின் படங்களைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த சாவுகளுக்காக நாம் மெழுகுவர்த்தி ஏந்தியிருக்கிறோம், மகஜர் கொடுத்திருக்கிறோம். இப்போது புகார் கொடுக்கப் புறப்படும் பெண்ணிடம் மாமியார் வீட்டில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "புருஷன லாக்காப்புல சாகக் குடுக்கப் போறியா?" நாம் உயிரைக் கொடுத்துப் பேசிய நியாயத்தையே எடுத்து அவள் வாயை அடைக்கிறார்கள். அவளும் நம் கூட்டங்களுக்கு வந்தவள்தான். அதை நம்புகிறாள். புகார் கொடுக்காமல் திரும்பிப் போகிறாள்.

இதற்கு நம் பதில் என்ன? என் பதிலைச் சொல்கிறேன். கைதாகிறவனுக்கு, ஏன் கைது என்று தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞருக்கும் உறவினருக்கும் தகவல் சொல்லவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை கொடுக்கிறது. அவனை யாராவது உள்ளே தொட்டால் இந்த இயக்கத்தின் வழக்கறிஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அங்கே போய் நிற்போம். இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறது. அதனாலேயே, "நீ பயப்படாமல் புகார் கொடு, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். அவள் உடம்பைக் கொடுத்து அவன் உடம்பைக் காப்பாற்றும் ஏற்பாட்டுக்கு மனித உரிமை என்று பெயர் வைக்க முடியாது.

போலீஸ் வேண்டாம் என்கிறவர்களுக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். 2018 ஜனவரி 1 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று நடப்பில் உள்ளது. இதற்கு போலீஸ் புகார் தேவையில்லை, நீதிமன்றமும் தேவையில்லை. சமூகநல இலாகாவின் அதிகாரியே கொடுக்கலாம். ஏழு நாள் செல்லும். அதை மீறி அவன் நெருங்கினால் குற்றம். ஏழு நாள் சின்னக் காலம்தான். ஆனால் ஒரு பெண் பயமில்லாமல் தூங்கி எழுந்து, அடுத்து என்ன என்று யோசிக்க அது போதும். பிறகு போலீஸ் புகார் கொடுத்தால், விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம்.

இன்னொன்று. கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். "பதிவு இல்ல, சட்டம் உனக்குச் செல்லாது" என்று அந்தப் பெண்களை மிரட்டுகிறார்கள். பொய். சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் அவளை மனைவியாகவே பார்க்கிறது. சடங்கு ஏதும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் காதலர்களுக்கும் இது பொருந்தாது, அந்தக் குறை இருக்கிறது. கணவன் மனைவியை வற்புறுத்திச் சேர்வதைத் தண்டனைச் சட்டம் கற்பழிப்பு என்று சொல்லாததும் ஒரு குறை. காயப்படுத்தியோ பயமுறுத்தியோ செய்தால் மட்டும் 375ஏ பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும்.

அண்டை வீட்டு அண்ணன்மார்களே, உங்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 18-ஆம் பிரிவைப் பாருங்கள். குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது மானநஷ்ட வழக்குப் போட முடியாது. அடுக்குமாடி வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தட்டு விழும் சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். எழுந்து போய்க் கதவைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்துக்கு அடி நிற்கும். வெளியே ஒருவன் விழித்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். ஆளிடம் ஆயுதம் இருக்கும்போல் தோன்றினால் இந்த வேலை வேண்டாம், 999-ஐக் கூப்பிடுங்கள்.

பையன்களைப் பற்றி. நம் பையன்களுக்குக் காதலைச் சொல்லிக்கொடுத்தது கோடம்பாக்கம். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கும் காலேஜுக்கும் அலைந்தால் கடைசி ரீலில் அவள் சிரிப்பாள் என்று மூன்று தலைமுறை நம்பிவிட்டது. இன்றைக்கு அதே வேலையைச் செய்தால், 2023-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 507ஏ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை. இதைப் பையன்களிடம் யார் சொன்னது? நான் ஓர் இளைஞர் கூட்டத்தில் சொன்னபோது, "அப்ப எப்படி லவ் பண்றது லாயர்?" என்று ஒரு தம்பி உண்மையாகவே கேட்டான். கிண்டல் இல்லை. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருத்தி "வேண்டாம்" என்று சொன்னால் வலிக்கும், அந்த வலியோடு வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்று எந்த அப்பாவும் அவனிடம் பேசியதில்லை.

2021-இல் நம் நாட்டில் 17 வயது மாணவி ஒருத்தி, கற்பழிப்பை வைத்து ஆசிரியர் வகுப்பில் நகைச்சுவை செய்ததை வெளியே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கே மிரட்டல் வந்தது. ஆசிரியர் மட்டுமா அப்படிப் பேசுகிறார்? நம் வாட்ஸாப் குழுக்களைத் திறந்து பாருங்கள். காலையில் தேவாரம், மதியம் இனமானம், ராத்திரி பத்து மணிக்கு மேல் மனைவியை அடிக்கும் ஜோக். நாற்பது பேர் குழுவில் ஒருவராவது "இது வேணாம்பா" என்று எழுதினால் போதும், அடுத்ததை அனுப்புகிறவன் யோசிப்பான். அரசாங்கமும் இதில் சளைத்ததில்லை. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மகளிர் அமைச்சே, வீட்டில் சண்டை வராமலிருக்க மனைவிமார் டோராமோன் குரலில் பேசலாம் என்று யோசனை சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டது ஞாபகம் இருக்கும்.

அடி வாங்கும் அம்மாவைப் பார்த்து வளரும் பையன் நிச்சயம் அடிக்கிறவனாக வருவான் என்று சிலர் ஜோசியம்போல் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. அப்படி வளர்ந்து, கை நீட்டாமல் வாழும் ஆண்கள் இந்த அறையிலேயே இருப்பார்கள். அந்தப் பையனுக்கு வேறு மாதிரியான ஓர் ஆணைப் பக்கத்தில் பார்க்கக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. காற்பந்து பயிற்றுநர், உறுமி மேளக் குழுவின் வாத்தியார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லோரி ஓட்டும் சித்தப்பா, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். குண்டர் கும்பல் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அப்பா இல்லாத நேரத்தில் "அண்ணே" என்று கூப்பிட ஓர் ஆளைக் கொடுக்கிறது. நாம் கொடுக்காத இடத்தில்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் தகப்பனுக்கு ஏழு நாள் பிரசவ விடுமுறை சட்டப்படி உண்டு. அந்த ஏழு நாளில் பிள்ளைக்கு நாப்பி மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள், மூத்த பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அதையொட்டி 1991-இல் அங்குள்ள ஆண்கள் வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல முயற்சி, பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் நம் ஊர் எனக்குத் தெரியும். ரிப்பன் குத்தி, பேனர் பிடித்து, படம் எடுத்து, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். இந்த நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் ஆண்கள் போட்ட பிச்சையல்ல. 1980-களில் பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்து, கையெழுத்து வாங்கி, அமைச்சர்களைத் துரத்தி 1994-இல் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார்கள். நிறைவேற்றிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவர மேலும் இரண்டு வருடம் போராடினார்கள். 1996 ஜூன் 1-இல்தான் அமலுக்கு வந்தது. 1982-இல் தொடங்கிய பெண்கள் உதவி அமைப்பின் காப்பகம் இன்றும் நன்கொடையை நம்பி நடக்கிறது. நாம் புதிதாகச் சங்கம் அமைத்து, தலைவர் பதவிக்குச் சண்டை போட்டு, மேடையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மைக் அவர்களிடம் இருக்கட்டும். நமக்கு வேலை நம் கூட்டாளிகளிடம் இருக்கிறது.

அடிக்கிறவன் நம் கூட்டாளி என்றால் என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள். அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மனைவி சொல்லித்தான் தெரியும் என்று காட்டிக்கொடுக்காதீர்கள், அந்த ராத்திரியே அவளுக்கு விழும். பகலில், தனியாக, "நீ வீட்ல கை வைக்கிறது எனக்குத் தெரியும். நான் அதுக்குக் கூட்டு இல்ல" என்று சொல்லுங்கள். கோபப்படுவான். இரண்டு வாரம் பேச மாட்டான். பிறகு வருவான், பல பேர் வந்திருக்கிறார்கள். வந்தால் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆலோசனைக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு 11-ஆம் பிரிவில் இருக்கிறது. நான் பார்த்த வழக்குகளில் அதைக் கேட்டவர்களே குறைவு. தமிழில் பேசும் ஆண் ஆலோசகர்களும் நமக்குப் போதவில்லை. உளவியல் படித்த தம்பிகள் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

கடைசியாக, கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. திருவிழா உபயக்காரர் பட்டியலை ஒட்டும் பலகையில், பக்கத்திலேயே "தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒன்று ஒட்டுங்கள், அங்கே நின்று யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை பஞ்சாயத்துக்கு ஒரு குடும்பம் வந்தால், கற்பூரத்தை எடுப்பதற்கு முன் அந்தப் பெண்ணை ஒரு பெண் நிர்வாகியோடு தனி அறையில் உட்கார வைத்து, வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேளுங்கள். இல்லை என்றால் சமூகநல இலாகாவுக்குக் கூட்டிப்போக ஒரு கார் ஏற்பாடு செய்யுங்கள். பெட்ரோல் காசை உண்டியலில் எடுத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒட்டியாயிற்றா என்று அடுத்த மாதம் ஒவ்வொரு தலைவருக்கும் போன் செய்து கேட்பேன்.